ரொறன்ரோவில் வீட்டுத்தோட்டம்: பனி கரையத் தொடங்கியதும் வரும் கேள்விகள்

மார்ச் கடைசியில் ஒருநாள் திடீரென்று நல்ல வெய்யில் எறிக்கும். பன்னிரண்டு பாகை என்று போன் காட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் திறந்துவைத்துக் கூட்டிக்கொண்டிருப்பார், நமக்கும் கை துருதுருக்கும். இந்தக் கேள்விகள் பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் தொடங்குகின்றன.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன், மிசிசாகா பக்கம் இருந்துகொண்டு கத்தரி, வெண்டி, மிளகாய், பாகல் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதியது இது. மார்ச் நடுவில் இருந்து ஜூன் தொடக்கம் வரைக்குமான வேலைகளை மட்டும் பார்க்கலாம்.

தோட்ட வேலையை எப்போது தொடங்குவது?

வீட்டுக்குள்ளே மார்ச் நடுவில் தொடங்கலாம். வெளியே, மண் சம்மதிக்கும்போது.

இங்கே நாம் வளர்ப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி, ஸ்பினாச், லெட்டியூஸ், கோவா, பீட்ரூட், கரட் எல்லாம் குளிர் தாங்கும். லேசான உறைபனி விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, பாகல், புடலை, பீர்க்கு, தண்டுக்கீரை, பசளி எல்லாம் சூடு கேட்பவை. இவை செத்துப்போக உறைபனிகூடத் தேவையில்லை. நாலைந்து இரவு ஐந்து பாகையில் நின்றாலே சுருண்டு, பிறகு ஜூனில் வெய்யில் வந்தாலும் வளராமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பகல் வெய்யிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவு எவ்வளவு குளிருகிறது, மண் எவ்வளவு சூடேறி இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான் வரும்.

சித்திரைப் புத்தாண்டன்று நாள் பார்த்துக் கன்று நடுவது எங்கள் வீட்டு வழக்கம். இங்கே செய்யலாமா?

நடுங்கள், ஆனால் கத்தரியை அல்ல. ஏப்ரல் 14 இங்கே இன்னும் குளிர்காலத்தின் வாலில்தான் இருக்கிறது. 2018இல் சரியாகப் புத்தாண்டு வார இறுதியில் தென் ஒன்ராறியோ முழுவதும் ஐஸ் மழை கொட்டி, மரக்கிளை முறிந்து, கரண்ட் நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

அன்றைக்குக் கொத்தமல்லியும் வெந்தயமும் விதையுங்கள். நல்ல நாளும் தப்பாது, பயிரும் தப்பாது. சொல்லப்போனால் கொத்தமல்லிக்கு அதுதான் சரியான காலம். ஜூன் வெக்கை வந்தால் அது இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்துவிடும். "கொத்தமல்லி இங்கே சரிவருவதில்லை" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஜூனில் விதைப்பவர்கள்.

அப்படியென்றால் கத்தரி, மிளகாய், தக்காளியை வெளியே நடுவது எப்போது?

இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் நாள் விக்டோரியா தின வார இறுதி. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. ஆகவே 18க்கும் 24க்கும் இடையில் வரும். கண்மூடித்தனமான வழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். 2020 மே மாதம் அன்னையர் தின வார இறுதியில் ரொறன்ரோவில் பனி தூவியது. முதல் கிழமையே தக்காளி நட்டவர்கள் அன்றிரவு படுக்கை விரிப்புகளோடு முற்றத்தில் நின்றார்கள்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே நாள் இல்லை. ஏரிக்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கும் நகர நடுவில் இருப்பவர்களுக்கும் உறைபனி முந்தியே விடைபெறும். மார்க்கத்துக்கு வடக்கே, ஸ்ரூவில் பக்கம், பிரம்டனின் வடக்கு ஓரம் என்றால் ஒரு கிழமை, பத்து நாள் பிந்தும். பள்ளத்தில் இருக்கும் முற்றத்தில் குளிர் காற்று தேங்கும். அதே தெருவில் மேட்டில் இருக்கும் வீட்டில் தேங்காது. என் கணக்கு இதுதான்: அடுத்த பத்து நாள் முன்னறிவிப்பில் இரவு வெப்பநிலை எதுவும் 10 பாகைக்குக் கீழே போகவில்லை என்றால் மிளகாயும் கத்தரியும் நடலாம். தக்காளி கொஞ்சம் பொறுக்கும். வெண்டியும் பாகலும் பொறுக்கவே மாட்டா. அவை ஜூன் முதல் கிழமைக்குப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. சூடான மண்ணில் ஜூன் 5 நட்ட வெண்டி, குளிர்ந்த மண்ணில் மே 15 நட்டதை ஜூலையில் தாண்டிப் போவதை யாரும் பார்க்கலாம்.

மண்ணின் சூட்டை எப்படி அறிவது?

குசினியில் இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் வெப்பமானி, குறைந்த சூட்டையும் காட்டுவதென்றால், அதுவே போதும். காலையில், வெய்யில் ஏறுமுன், நாலு அங்குலம் ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். 7 பாகை என்றால் பட்டாணி, ஸ்பினாச், உருளைக்கிழங்கு வைக்கலாம். 15 வந்தால் போஞ்சி. 18, 20 வந்தபிறகுதான் வெண்டி, பயிற்றை, பாகல். பின்னேரம் குத்திப் பார்த்தால் மேல்மண் காட்டும் கணக்கு ஏமாற்றும்.

அவசரமானவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை மே தொடக்கத்தில் பாத்தியின்மேல் இறுக்கி விரித்து, ஓரத்தில் மண் போட்டு மூடிவிடுங்கள். விரிப்பு மண்ணோடு ஒட்டி இருந்தால் இரண்டு மூன்று பாகை கூடும். நடும்போது அதிலேயே துளை போட்டு நட்டால் களையும் குறையும்.

பனி கரைந்துவிட்டது. மண்ணைக் கொத்தலாமா?

ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிறகு விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்று, விரல் பட்ட இடம் பளபளத்தால் மண்வெட்டியைத் திரும்பக் கராஜில் வையுங்கள்.

இந்தப் பகுதியில் பல இடங்களில் இருப்பது கனத்த களிமண். ஈரத்தோடு கொத்தினால், அதில் நடந்தால்கூட, காற்றுப் போகும் இடைவெளிகள் எல்லாம் அமுங்கி, வெய்யிலில் காய்ந்ததும் சீமெந்துக் கட்டியாகிவிடும். பிறகு அந்த வருடம் முழுக்க அந்தக் கட்டிகளோடுதான் சீவியம். ஏப்ரலில் ஒரு கிழமை பொறுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதுவரைக்கும் பாத்திக்குள் கால் வைக்காமல், ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள்.

மண் உதிரத் தொடங்கியதும் ஆழக் கிளற வேண்டியதில்லை. இரண்டு அங்குலம் கம்போஸ்டோ மக்கிய மாட்டெருவோ பரப்பி, கார்டன் ஃபோர்க்கால் குத்தி லேசாக ஆட்டி விட்டாலே போதும். களிமண்ணில் மணலைக் கொட்டினால் இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்ச மணல் சேர்ந்த களிமண் முன்னதைவிட இறுகும். களிமண்ணுக்கு மருந்து வருடாவருடம் போடும் கம்போஸ்ட் மட்டும்தான். பல நகராட்சிகள் பச்சைத் தொட்டியில் சேரும் கழிவில் இருந்து செய்த கம்போஸ்டை வசந்தத்தில் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. உங்கள் நகராட்சியின் அறிவித்தலைப் பாருங்கள்; வாளியும் மண்வெட்டியும் நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

போன வருட இலைச்சருகையும் காய்ந்த தண்டுகளையும் அள்ளுவதற்கும் அவசரம் வேண்டாம். அவற்றுக்குள் தேனீ வகைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பகல் வெப்பம் பத்துக்கு மேல் நிலைத்தபிறகு அள்ளினால் அவை எழும்பிப் போயிருக்கும்.

புது வீடு வாங்கினோம். புல்லைத் தோண்டினால் ஒரு சாண் கீழே கல்லும் களியும்தான். என்ன செய்வது?

புதுக் குடியிருப்புகளில் கட்டட வேலைக்காக மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனங்கள் ஓடி அடிமண் இறுகிய பிறகு, மெல்லியதாக மண் பரப்பிப் புல் விரிப்பார்கள். அதோடு மல்லுக்கட்டுவதைவிட மேட்டுப் பாத்தி கட்டுவது லாபம். இன்னொரு நன்மையும் உண்டு: மேட்டுப் பாத்தி நிலத்தைவிட முந்தியே காயும், முந்தியே சூடேறும். இங்கே அது பெரிய விஷயம்.

நாலடிக்கு எட்டடி, பத்து அங்குல உயரம் என்று கட்டினால் ஏறக்குறைய ஒரு கன யார் மண் பிடிக்கும். பை பையாக வாங்குவதைவிட, மண் விற்கும் இடத்தில் இருந்து "டிரிப்பிள் மிக்ஸ்" என்று ஒரு யார் இறக்குவது மலிவு. மேல்மண்ணும் பீட் மொஸும் கம்போஸ்டும் கலந்தது அது. அகலம் நாலடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். கீழே இருக்கும் புல்லை வெட்டி எடுக்கத் தேவையில்லை. காட்போர்ட் பெட்டிகளைப் பிரித்து, டேப்பை உரித்துவிட்டு, இரண்டு மடிப்பாக விரித்து நனைத்து, அதன்மேல் மண்ணைப் போடுங்கள். புல் அங்கேயே மக்கிவிடும்.

பழைய டெக்கை உடைத்த பலகை கிடக்கிறது என்று அதில் பாத்தி கட்டாதீர்கள். 2004க்கு முந்தைய பதப்படுத்திய பலகைகளில் ஆர்செனிக் இருந்திருக்கலாம். ரயில் தண்டவாளக் கட்டையும் அப்படித்தான், மரம் உக்காமல் இருக்கப் போடும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் அதில் ஊறியிருக்கும்.

நகரத்துக்குள் பழைய வீடு. மண்ணில் ஈயம் இருக்கும் என்கிறார்களே?

இருக்கலாம். பழைய பெயின்ற், முன்பு பெற்றோலில் சேர்த்த ஈயம் எல்லாம் வீட்டுச் சுவரோரத்திலும் வீதியோரத்திலும் தேங்கியிருக்கும். குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் பொதுமக்களின் தோட்ட மண்ணைக் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருகிறது. சந்தேகம் இருந்தால் மேட்டுப் பாத்தியில் புது மண் போட்டு வளர்த்துவிடுங்கள். முக்கியமாகக் கீரையும் கிழங்கும்.

ஊரில் கத்தரிக்குச் சாம்பல் போடுவோம். இங்கே ஃபயர்பிளேஸ் சாம்பலைப் போடலாமா?

வேண்டாம். தென் ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் இருந்து வந்தது. அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏற்கனவே 7க்கு மேலே, காரப் பக்கம் நிற்கும். சாம்பல் அதை இன்னும் ஏற்றிவிடும், இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். அமில மண் உள்ள இடத்துக்குச் சரியான வைத்தியம் இங்கே நோயாகிவிடுகிறது. அதே காரணத்துக்காகச் சுண்ணாம்பும் வேண்டாம். முட்டைக் கோதைக் காயவைத்து அரைத்துப் போடுகிறவர்கள் போடலாம், கெடுதல் இல்லை. பெரிய பலனும் இல்லை. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது மண்ணில் கல்சியம் இல்லாததால் என்று சொல்வார்கள். இங்கே கல்சியத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் வெள்ளமும் நாலுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதுதான் காரணம்.

எந்த விதையை எந்த நாளில் வீட்டுக்குள் போடுவது?

நடும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மே கடைசியில் வெளியே போகப்போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மிளகாயும் கத்தரியும் மெதுவானவை. எட்டில் இருந்து பத்துக் கிழமை வேண்டும். ஆகவே மார்ச் நடுப்பகுதி. மிளகாய் முளைக்கவே இரண்டு மூன்று கிழமை எடுக்கும், கொச்சி வகைகள் இன்னும் கூட. இரண்டுக்கும் முளைக்கும்போது 25 முதல் 30 பாகை சூடு தேவை. பேஸ்மென்டின் 18 பாகையில் வைத்துவிட்டு "விதை பழுது" என்று கடைக்காரரைத் திட்டக் கூடாது. கன்றுகளுக்கென்று விற்கும் சூட்டுப் பாய் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். முளை தெரிந்தவுடன் பாயில் இருந்து எடுத்துவிடுங்கள். அதன்பிறகு தேவைப்படுவது வெளிச்சம்.

தக்காளிக்கு ஆறில் இருந்து எட்டுக் கிழமை போதும். ஏப்ரல் முதல் கிழமையில் போடுங்கள். மார்ச் தொடக்கத்தில் போட்டால் மே மாதத்தில் யன்னலை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து, நடும்போது வாடும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி எல்லாவற்றுக்கும் மூன்று நாலு கிழமைதான். ஏப்ரல் கடைசிக்கு முன்னால் போடவே வேண்டாம். இவற்றின் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். ஒரு விதைக்கு ஒரு கப் என்று தனித்தனியாகப் போட்டு, நடும்போது மண் கலையாமல் அப்படியே இறக்குங்கள். பாகல், புடலை விதைகளின் கோது கடினம். நகவெட்டியால் கூரான பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கொடுத்து, உள்ளே பருப்புக் காயப்படாமல், இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஈரக் கிச்சன் பேப்பரில் சுற்றி, ஸிப் பையில் போட்டு, சூட்டுப் பாயின்மேல் வைத்தால் ஒரு கிழமைக்குள் வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். வேர் ஒரு சென்ரிமீற்றர் வந்ததும் கப்பில் இறக்குங்கள். அதற்குமேல் விட்டால் பேப்பரோடு பின்னிக்கொண்டு முறியும்.

வெண்டியை ஊறவைத்து ஜூனில் நேரடியாக மண்ணில் போடுவது நல்லது. பயிற்றையும் போஞ்சியும் அப்படித்தான்.

வீட்டுக்குள் போட்ட கன்றுகள் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கின்றன. ஏன்?

வெளிச்சம் போதவில்லை. தெற்குப் பார்த்த யன்னலாக இருந்தாலும் மார்ச், ஏப்ரல் வெளிச்சம் கத்தரிக்குப் பத்தாது. கராஜில் மாட்டும் சாதாரண நாலடி எல்ஈடி விளக்கே போதும், விலை கூடிய ஊதா நிற விளக்குத் தேவையில்லை. கன்றின் தலைக்கு மேலே நாலைந்து அங்குலத்தில் தொங்கவிட்டு, ஒருநாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். கன்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். இரவில் அணைக்க வேண்டும்.

தக்காளி நெடுத்துவிட்டால் கவலையில்லை. பெரிய கப்புக்கு மாற்றும்போது தண்டை ஆழப் புதைத்தால் புதைந்த இடத்தில் வேர் விடும். கத்தரியும் மிளகாயும் அப்படிச் சுலபமாக விடா.

கன்று நல்லாக இருந்து ஒரே இரவில் அடித்தண்டு சூம்பி விழுந்தால் அது பூஞ்சை நோய். மேலே தண்ணீர் ஊற்றாமல் தட்டில் ஊற்றி அடியில் இருந்து உறிஞ்ச விடுங்கள். ஒரு சின்ன மின்விசிறியைத் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். தோட்டத்து மண்ணை அள்ளி வந்து கப்பில் போட்டால் இந்த நோயையும் சேர்த்துத்தான் அள்ளி வருகிறீர்கள். கடையில் விற்கும் விதைக் கலவையே பாவியுங்கள்.

ஊரில் இருந்து வந்த அவரை விதை. பந்தல் முழுக்கப் படர்கிறது, ஒரு பூக்கூட இல்லை. பசளை போதவில்லையா?

பசளை கூடியிருக்கலாமே தவிரக் குறைந்திருக்காது. பிரச்சினை பகலின் நீளத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலும் 13 மணித்தியாலத்தைத் தொடாது. ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். நம்முடைய அவரை வகைகள் பல, இரவு நீளத் தொடங்கினால்தான் பூக்கும். சிறகவரையும் அப்படி. இங்கே கோடை முழுக்கக் கொடியாக ஓடிவிட்டு, செப்ரெம்பரில் இரவு நீண்டதும் பூக்கத் தொடங்கும். காய் திரளும்போது ஒக்டோபர் உறைபனி வந்து முடித்துவிடும். செடியில் எந்தக் குறையும் இல்லை, அதன் நாட்காட்டி வேறு.

என்ன செய்யலாம்? பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அவரை வகை என்று விற்கும் விதையை வாங்கலாம். அல்லது பந்தலைப் பயிற்றைக்கும் பாகலுக்கும் கொடுத்துவிடலாம். ஊர் விதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் சின்னச் சாடியில் வளர்த்து, ஓகஸ்டில் மாலை ஆறு மணிக்கு மேலே பெட்டியால் மூடிக் காலையில் திறப்பதும் உண்டு. பொறுமை உள்ளவர்களுக்கு.

விதை கொண்டுவரும்போது கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண் ஒட்டிய கன்றோ கிழங்கோ விமான நிலையத்தைத் தாண்டாது.

பழைய விதை முளைக்குமா?

பத்து விதையை ஈரக் கிச்சன் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். ஏழு முளைத்தால் நல்ல விதை. மூன்று முளைத்தால் நெருக்கமாகப் போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் புதிது வாங்குங்கள். தக்காளி, கத்தரி விதைகள் நாலைந்து வருடம் கிடக்கும். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. செத்துவிட்டதா?

நகத்தால் தண்டைக் கொஞ்சம் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. குளிர்காலத்தில் இலை கொட்டுவது வழமை. அந்த நிலையில் அதைக் கொல்வது குளிரைவிட நம் தண்ணீர்தான். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. ஊற்ற ஊற்ற வேர் அழுகும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தபிறகு மட்டும் ஊற்றுங்கள்.

மார்ச், ஏப்ரலில் கணுக்களில் சின்னதாகச் சிவந்த துளிர் வரும். அதுதான் கத்தரிக்கோலை எடுக்கும் நேரம். நெடுத்த கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் பக்கக் கிளை விடும். வேர் சாடியைச் சுற்றிக்கொண்டு இருந்தால் இரண்டு அங்குலம் மட்டும் பெரிய சாடிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய வாளிக்குப் போனால் நடுவில் ஈரம் தேங்கும். பசளை துளிர் வந்தபிறகு.

இலையின் பின்புறத்தையும் காம்பையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஹீற்றர் காற்றில் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் ஏறியிருக்கும். காம்பில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் சுரண்டினால் கழன்று வந்து ஈரம் கசிந்தால் அது பூச்சி. பஞ்சில் ரப்பிங் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, குளியலறையில் வைத்து இலையெல்லாம் கழுவுங்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும்.

புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வந்தால் இரும்புப் பற்றாக்குறை. நம் குழாய்த் தண்ணீரின் காரத்தன்மையும் அதற்கு ஒரு காரணம். ஊரில் புளித்த மோர் ஊற்றுவார்கள். வீட்டுக்குள் சாடியில் மோர் ஊற்றினால் மணமும் கொசுவும்தான் மிச்சம். கடையில் கீலேட் செய்த இரும்பு, அதாவது செடி எளிதில் எடுக்கும்படி செய்த இரும்புச் சத்து, என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியே எடுப்பது இரவு 10 பாகைக்கு மேல் நிலைத்தபிறகு, அதுவும் முதலில் நிழலுக்கு. நேரே வெய்யிலில் வைத்தால் புது இலை வெளிறிக் கருகும். முருங்கைச் சாடிக்கும் இதே முறை.

வீட்டுக்குள் வளர்த்த கன்றை நேரே நட்டுவிடலாமா?

கூடாது. விளக்குக்குக் கீழே வளர்ந்த இலைக்குச் சூரியனும் தெரியாது, காற்றும் தெரியாது. ஒரு கிழமை, பத்து நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம். அடுத்த நாள் இரண்டு. பிறகு காலை வெய்யில், பிறகு முழு வெய்யில், கடைசி இரண்டு மூன்று நாள் இரவிலும் வெளியே. காற்றுப் பலமான நாளில் வெளியே வைக்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் இதை வார இறுதியில் தொடங்கி, வீட்டில் இருக்கும் பெரியவர்களின் தலையில் கட்டுவதுதான் வழக்கம். அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

வெளிக் குழாயைத் திறந்தால் பேஸ்மென்டில் தண்ணீர் வருகிறது!

உள்ளே இருக்கும் வால்வை உடனே மூடுங்கள். குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்திருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள். வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று பார்ப்பது நல்லது.

பாகலுக்குப் பந்தல் போட ஆழக் குழி தோண்டலாமா?

அலவாங்கை எடுக்குமுன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். தோண்டுமுன் அறிவிப்பது சட்டம், கட்டணம் கிடையாது. காஸ், மின்சாரம், இணையக் கம்பிகள் போகும் இடத்தை வந்து நிறப் பெயின்றால் குறித்துவிட்டுப் போவார்கள். சில நாள் எடுக்கும், ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். பந்தலைப் பாத்தியின் வடக்குப் பக்கம் போட்டால் மற்றச் செடிகளுக்கு நிழல் விழாது.

புல்லுக்குள் டான்டலையன். மருந்து அடிக்கலாமா?

2009 ஏப்ரலில் இருந்து ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்லிலும் தோட்டத்திலும் களைகொல்லி, பூச்சிமருந்து அடிப்பதற்குத் தடை. பெரும்பாலானவை கடையிலும் கிடைக்காது. மழை பெய்த மறுநாள் நீளக் களைக்கத்தியால் வேரோடு பிடுங்குங்கள்.

ஸ்னோ தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் பாத்தி இருக்கிறது. உப்பு பாதிக்குமா?

பாதிக்கும். டிரைவ்வே உப்பு கலந்த ஸ்னோ குவிந்த இடத்தில் ஏப்ரலில் மண் நன்றாக வடியத் தொடங்கியதும் இரண்டு மூன்று தடவை தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். அடுத்த குளிர்காலத்தில் ஸ்னோவை வேறு பக்கம் தள்ளுங்கள்.

முயலும் அணிலும்?

முயலுக்கு இரண்டடி உயரக் கோழிக் கம்பி வலை, அடி ஆறு அங்குலம் மண்ணுக்குள். அணில் தோண்டுவது புதிதாகக் கொத்திய மண்ணை. விதைத்த இடத்தில் கம்பி வலையைப் படுக்கப் போட்டு, முளை வந்ததும் எடுங்கள். மிளகாய்த் தூள் தூவினால் முதல் மழையோடு போய்விடும். ரக்கூனுக்கு என்ன செய்வதென்று கேட்காதீர்கள். அது நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி.

அப்பார்ட்மென்டில் இருக்கிறோம். பல்கனியில் முடியுமா?

தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பல்கனி என்றால் தாராளமாக. அடியில் துளை போட்ட ஐந்து கலன் வாளிக்கு ஒரு கத்தரி அல்லது ஒரு தக்காளி அல்லது இரண்டு மிளகாய். சாடிக்கலவை மட்டும் போடுங்கள், தோட்ட மண் வாளிக்குள் இறுகிவிடும். உயர மாடியில் காற்றுத்தான் எதிரி. ஓரத்தில் மறைப்புக் கட்டுங்கள். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். வடக்குப் பார்த்ததென்றால் புதினா, வல்லாரையோடு நின்றுகொள்ளுங்கள். நிலம் வேண்டுமென்றால் நகராட்சிப் பங்குத் தோட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? மே மாதம் தமிழ்க் கடையில் கன்று வாங்கினால் போதாதா?

போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அது நல்ல வழிதான். ஸ்காபரோ, மார்க்கம் கடை வாசல்களில் மே தொடங்கியதும் கன்றுத் தட்டுகள் வரிசையாக வந்துவிடும். கடையில் வந்துவிட்டது என்பதற்காக நடும் காலம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மே முதல் கிழமை வாங்கினால் இரண்டு கிழமை உள்ளே எடுத்து வெளியே வைத்துப் பராமரிக்கத் தயாராக இருங்கள்.

வாங்கும்போது பூவும் பிஞ்சுமாக நிற்பதை விட்டுவிட்டு, குட்டையாகத் தடித்த தண்டோடு இருப்பதை எடுங்கள். சாடியின் அடியைத் திருப்பிப் பார்த்து, துளை வழியாக வேர் கற்றையாகத் தொங்கினால் வைத்துவிடுங்கள். இலையின் பின்புறத்தில் வெள்ளைப் பூச்சி பறந்தாலும் வேண்டாம். நண்பர்கள் தோட்டத்தில் இருந்து தோண்டித் தரும் கன்றென்றால் மண்ணை ஒருமுறை பாருங்கள்: மேல்மண் காப்பித் தூள்போலப் பொலபொலவென்று இருந்து, தொட்டதும் புழு பாம்பாகத் துள்ளினால் அது ஆசியத் துள்ளுப்புழு. ஒன்ராறியோவில் பரவிக்கொண்டிருக்கிறது, ஒருமுறை வந்தால் போகாது. அந்தக் கன்றை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, விதை இருந்தால் கேட்டு வாங்குங்கள்.